ஷவருக்குப் பக்கத்தில் ஜன்னலா? சுவருக்குள் தண்ணீர் இறங்காமல் டைல்ஸ் போடுவது எப்படி

எங்கள் மடிப்பாக்கம் வீட்டில் படுக்கையறைச் சுவரில், பீரோவுக்குப் பின்னால், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது. தொட்டால் வெள்ளையாக உப்புப் பூத்து உதிரும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. பைப்தான் எங்கோ கசிகிறது என்று முடிவு கட்டி, இரண்டு இடத்தில் டைல்ஸை உடைத்து, பைப்பை மாற்றி, மறுபடி பூசி, ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் அதே உப்பல். கடைசியில் வயதான பிளம்பர் ஒருவர் வந்தார். பைப் பக்கமே போகாமல், ஷவரை ஒட்டியிருந்த ஜன்னலின் அடிக்கல்லை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்கதாம்மா இறங்குது" என்றார். அந்தக் கல்லைப் பெயர்த்ததும் கீழே இருந்த செங்கல், கரண்டியால் சுரண்டினாலே மாவாக வந்தது. பல வருடம் தண்ணீர் குடித்த செங்கல் அது.

பிறகு அந்த ஜன்னலைச் சுற்றி முழுக்கப் பிரித்துச் செய்தோம். கூடவே நின்று பார்த்ததிலும், அதற்கப்புறம் அக்கா வீட்டிலும் ஒரு தோழி வீட்டிலும் இதே வேலையைச் செய்ய வைத்ததிலும் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்களே கரண்டி பிடிக்கப் போகிறீர்களோ, மேஸ்திரியை வைத்துச் செய்யப் போகிறீர்களோ, எந்தக் கட்டத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே டைல்ஸ் வந்துவிட்டால் உள்ளே என்ன நடந்தது என்று யாராலும் பார்க்க முடியாது.

தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் இல்லை

இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். டைல்ஸின் மேல்பக்கக் கண்ணாடிப் பூச்சில் தண்ணீர் இறங்காது என்பது உண்மைதான், ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் நிரப்புகிற சாதாரண சிமெண்ட் கிரவுட் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அப்படி உள்ளே போகிற தண்ணீரைச் செங்கல்லுக்குப் போகவிடாமல் நிறுத்துவது டைல்ஸுக்குப் பின்னால் அடிக்கிற வாட்டர் ப்ரூஃப் பூச்சு. தரையில் இந்தப் பூச்சை எல்லோரும் கேட்டு அடிக்கச் சொல்கிறார்கள். சுவரில் ஓரடி ஏற்றுவார்கள். ஜன்னலில் யாரும் அடிப்பதில்லை. நான் கேட்டபோது எங்கள் மேஸ்திரியே, "ஜன்னலுக்கெல்லாம் யாரும்மா வாட்டர் ப்ரூஃப் அடிக்கிறாங்க?" என்றுதான் கேட்டார்.

ஷவருக்குப் பக்கத்து ஜன்னல் என்பது சுவரில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டைக்கு ஒரு படுக்கையான அடிப்பாகம். சுவரில் விழுகிற தண்ணீர் வழிந்து போய்விடும், படுக்கையான இடத்தில் விழுவது தேங்கும். தேங்கிய தண்ணீர் மெல்ல ஃப்ரேம் ஓரத்தைத் தேடிப் போகும். அங்கே என்ன இருக்கிறது? ஒயிட் சிமெண்ட். யு.பி.வி.சி. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஃப்ரேமோ அலுமினியமோ வெயிலில் நீளும், ராத்திரியில் சுருங்கும். யு.பி.வி.சி. கிரானைட்டைவிடப் பல மடங்கு அதிகமாக நீளும். இரண்டடி அகல ஜன்னலில் 20 டிகிரி சூடு ஏறி இறங்கினால் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் அசைவு இருக்கும். கல்லாக இறுகிய ஒயிட் சிமெண்ட் அந்த அசைவுக்கு வளைந்து கொடுக்காது, தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் விடும். அந்த விரிசல் போதும்.

அதனால் இந்த வேலை முழுவதற்கும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் விழுகிற தண்ணீர் குளியலறைக்குள்ளேயே திரும்பி வருகிறதா? ஒவ்வொரு அடுக்கு போடும்போதும் அதைக் கேளுங்கள்.

உடைப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டியது

ஓதம் ஷவரால் வருகிறதா, மழையால் வருகிறதா என்று தெரியாமல் உடைக்காதீர்கள். மழையில்லாத நாட்களில் நான்கைந்து நாள் அந்த ஷவரைப் பயன்படுத்தாமல், வேறு குளியலறையோ அல்லது ஜன்னலுக்கு எதிர்மூலையில் வாளியோ வைத்துக் குளியுங்கள். ஈரம் குறைந்தால் ஷவர் பக்கம் சந்தேகம். பிறகு கை ஷவரை எடுத்து ஜன்னல் அடிக்கல்லில் மட்டும் கால் மணி நேரம் தண்ணீர் விட்டு, வெளிச்சுவரையும் பக்கத்து அறையையும் அன்று மாலையும் மறுநாள் காலையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஈரம் வந்து மாசி, பங்குனியில் காய்ந்துவிடுகிறது என்றால் பிரச்சினை வெளிப்பக்கம்: சன்ஷேடும் சுவரும் சேருகிற இடத்தில் விரிசல், அல்லது ஃப்ரேமின் வெளி ஓரத்தில் இடைவெளி. வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து அடிக்கிறது, அதனால் கிழக்கும் வடக்கும் பார்த்த ஜன்னல்களுக்கு அடி அதிகம். பைப் சந்தேகம் இருந்தால் வீட்டு வால்வை ராத்திரி மூடிவிட்டுப் பாருங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே அளவு ஈரம் என்றால் பைப், குளித்த பிறகு கூடுகிறது என்றால் ஜன்னலோ தரையோ.

வேலைக்கு நல்ல காலம் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் நடுவரை. மே மாதம் செய்யலாம், ஆனால் பூசியது வெயிலில் சட்டென்று காய்ந்து வெடிக்கும், ஈரச்சாக்கு போட்டே ஆக வேண்டும். எப்படியும் ஐப்பசி பிறப்பதற்குள் வெளிப்பக்க வேலை முடிந்திருக்கட்டும். மொத்தத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடைப்பதும் ஒட்டுவதும் சில நாள்தான், மற்றதெல்லாம் காய வைக்கிற நாள். ஒரே குளியலறை உள்ள வீடு என்றால் மாற்று ஏற்பாடு இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம், ஏனென்றால் ஐந்தாவது நாள் யாராவது "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று குளித்துவிட்டால் அத்தனையும் வீண்.

அந்த ஜன்னல் அங்கேயே இருக்கத்தான் வேண்டுமா?

இதையும் கொஞ்சம் யோசியுங்கள். பைப் வேலையும் சேர்த்துச் செய்வதாக இருந்தால் ஷவரைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றுவதுதான் முதல் தீர்வு. முடியாவிட்டால் ஜன்னலின் அடிமட்டத்தை உயர்த்துங்கள். லிண்டல் (ஜன்னலுக்கு மேலுள்ள குறுக்கு உத்தரம்) மட்டம் தரையிலிருந்து ஏழடி இருக்கும், ஜன்னலை ஒன்றரை அடி உயர வென்டிலேட்டராகக் குறைத்தால் அடிக்கல் ஐந்தரை அடிக்குப் போய்விடும், நேரடியாக விழுகிற தண்ணீர் நிறையக் குறையும். முழுதாக அடைத்துவிடாதீர்கள். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கூரை மூலை கறுத்துப் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

பழைய மர ஃப்ரேம் இருந்தால் எடுத்துவிடுங்கள், தேக்கே ஆனாலும் சரி. இரும்புக் கம்பி வைத்த ஃப்ரேமும் வேண்டாம், திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்றில் அது எவ்வளவு நாள் தாங்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். லூவர் கண்ணாடி நம் ஊரில் எங்கும் இருக்கிறது, ஆனால் ஷவருக்கு அருகே அது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் குளிக்கிற தண்ணீர் கண்ணாடிகளுக்கு இடையில் வெளியே போய்ச் சுவரின் வெளிப்பக்கத்தை நனைக்கும், காற்று மழை உள்ளே வரும். மேலே கீல் வைத்து, கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்கிற யு.பி.வி.சி. ஜன்னல் இதற்குப் பொருத்தம். கண்ணாடி மங்கலாகவும், டஃபன்டு வகையாகவும் இருக்க வேண்டும். வழுக்கி விழுந்து கை படக்கூடிய இடம் அது.

உடைக்கிற நாள்

கண்ணாடியை முதலில் கழற்றுங்கள். தரையில் தண்ணீர் போகிற நானி டிராப்பைச் சாக்கு வைத்து அடைத்துவிடுங்கள், ரப்பிஷ் உள்ளே போய் அடைத்துக்கொண்டால் அது தனிச் செலவு. கீசர் லைனின் சுவிட்சை மெயினிலேயே அணைத்துவிடுங்கள். ஃப்ரேமைச் சுற்றி ஓரடி மட்டும் உடைத்தால் போதும் என்பார்கள். மேலேயும் பக்கங்களிலும் ஓரடி போதும், நானும் ஒத்துக்கொள்கிறேன். கீழே மட்டும் போதாது. ஜன்னலுக்குக் கீழே உள்ள பட்டையைத் தரை வரைக்கும் உடைத்துவிடுங்கள். ஏனென்றால் புதிய பூச்சின் மேல் இறங்கி வருகிற தண்ணீர், பூச்சு முடிகிற இடத்தில் பழைய சுவருக்குள் புகுந்துவிடும். புதிய பூச்சு தரைப் பூச்சைப் போய்ச் சேர்ந்து, குறைந்தது அரை அடி அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். முடிந்தால் ஷவர் இருக்கிற சுவர் முழுவதையும் எடுத்துவிடுங்கள், கூலி வித்தியாசம் பெரிதாக இருக்காது, பழைய டைல்ஸோடு நிறம் சேரவில்லை என்கிற தலைவலியும் போகும்.

டைல்ஸோடு சேர்த்து, தட்டினால் பொத்தென்று சத்தம் வருகிற காறை எல்லாவற்றையும் செங்கல் தெரிகிற வரை எடுக்க வேண்டும். இற்றுப்போன செங்கல்லை மாற்றுங்கள். பிறகு ஒரு வாரம் சும்மா காய விடுங்கள். அதே சமயத்தில் வெளிப்பக்கத்தை முடித்துவிடுங்கள்: ஃப்ரேம் இல்லாத அந்த ஒரு வாரம்தான், மாடி வீட்டில் கயிறு கட்டி ஆள் இறக்காமல், ஓட்டை வழியாகக் கை நீட்டியே வெளி விளிம்பைப் பூசவும் சன்ஷேடு விரிசலை அடைக்கவும் முடிகிற காலம். ஆனால் அடுக்குமாடி என்றால் உடம்பை வெளியே நீட்டுகிற அளவுக்குப் போக வேண்டாம், எட்டுகிற வரைக்கும்தான். அசோசியேஷனிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், வெளிச்சுவர் பொதுச் சொத்து.

வரப்பும் வாட்டமும்

மொத்த வேலையிலும் நான் அதிகம் மன்றாடியது இந்தக் கட்டத்தில்தான்.

ஜன்னல் அடிப்பாகத்தில், ஃப்ரேம் நிற்கப் போகிற கோட்டில், வயல் வரப்பு மாதிரி ஒரு சின்ன மேடு கட்டுங்கள். அகலம் ஃப்ரேம் அகலம், யு.பி.வி.சி. என்றால் பெரும்பாலும் இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கும். உயரம், மேலே வரப்போகிற கிரானைட்டின் கனம், அடியில் வரும் பசை இரண்டையும் கூட்டி அதற்கு மேல் 5 மில்லிமீட்டர். 18 மி.மீ. கிரானைட் என்றால் 28 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். கலவை சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று. கட்டுகிற இடத்தை நன்றாகக் கொத்தி, சிமெண்ட் பால் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வைக்க வேண்டும். இந்த வரப்பு இருந்தால் அடிக்கல்லில் எவ்வளவு தண்ணீர் விழுந்தாலும் ஃப்ரேமுக்கு அடியில் புகுந்து வெளியே போக வழி கிடையாது.

வரப்பிலிருந்து உள்பக்கம் குளியலறையை நோக்கி வாட்டம், அதாவது சரிவு, வெளிப்பக்கம் தெருவை நோக்கி வாட்டம். ஓரடிக்குக் கால் அங்குலம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடிப்பாகம் ஐந்தாறு அங்குலம்தான் இருக்கிறது, அந்தக் கணக்குப்படி வந்தால் கண்ணுக்கே தெரியாது, டைல்ஸ் ஒட்டும்போது கை அழுத்தத்தில் அதுவும் போய்விடும். அதனால் அந்த ஐந்தாறு அங்குலத்துக்கே கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் வாட்டம் கேளுங்கள். ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள், குமிழி வரப்பின் பக்கம் தெளிவாக ஏறி நிற்க வேண்டும். "மட்டமா இருந்தாதாம்மா அழகு" என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஷாம்பு பாட்டில் வழுக்கும்தான், அதற்குத் தனியாக ஒரு ஸ்டாண்டு மாட்டிக்கொள்ளலாம், ஜன்னல் அடிக்கல்லை அலமாரியாக நினைக்கவே வேண்டாம்.

சுவருக்கும் பக்கவாட்டுக்கும் ஒன்றுக்கு நான்கு கலவையில் 12 மி.மீ. பூச்சு. கலக்குகிற தண்ணீரில் வாட்டர் ப்ரூஃப் திரவம் சேர்க்கச் சொல்லுங்கள், 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி என்பது பல டப்பாக்களில் போட்டிருக்கிற அளவு, உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள். இந்தத் திரவம் சேர்த்தாகிவிட்டது, இனி பூச்சு வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. உள்மூலைகளைக் கத்தி மாதிரி விடாமல் விரலால் உருட்டியது போல லேசாக வளைத்துவிடுங்கள், பூச்சு அங்கே மடிந்து வெடிக்காமல் இருக்கும். பிறகு ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கு.

பூச்சு அடிக்கிற முறை

பவுடரும், மேஸ்திரிகள் பால் என்று சொல்கிற பாலிமர் திரவமும் தனித்தனியாக வருகிற இரண்டு பாகப் பூச்சுதான் செங்கல், சிமெண்ட் சுவருக்கு நன்றாகப் பிடிக்கிறது. திரவத்தை முதலில் ஊற்றி, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, மெதுவாகச் சுழலும் மிக்ஸர் கம்பியால் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். கலந்தது அரை மணி, முக்கால் மணிக்குள் தீர்கிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகிப் போனதில் தண்ணீர் விட்டு இளக்கி அடிப்பது இந்த ஊரில் சர்வ சாதாரணம், அப்படிச் செய்தால் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும்.

சுவரை நனைத்து, தண்ணீர் ததும்பாமல் ஈரம் மட்டும் இருக்கிற நிலையில் முதல் பூச்சு. பிரஷ்ஷைப் படுக்கையாக இழுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே மூலைகளில் நாலு அங்குல அகல ஃபைபர் மெஷ் பட்டையை வைத்து அமுக்க வேண்டும். இந்தப் பட்டைகளுக்கு ஒரு வரிசை உண்டு. கீற்று வேய்கிறவர்கள் இறவாரத்திலிருந்து ஆரம்பித்து மேலே போவார்கள் அல்லவா, மேல் கீற்று கீழ்க் கீற்றின் மேல் ஏறி உட்காரும், தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றின் மேல் வழிந்து போகும். இங்கேயும் அதேதான். முதலில் அடிப்பாகம், வரப்பின் மேல் ஏறி அந்தப் பக்கம் வரைக்கும். பிறகு இரண்டு பக்கவாட்டும், அடிப்பட்டையின் மேல் ஏறும்படி. கடைசியில் லிண்டல் அடி. அடிப்பாகமும் பக்கவாட்டும் சுவரின் முகமும் சேருகிற அந்த இரண்டு கீழ் மூலைகளில் மெஷ்ஷை வெட்டும்போது ஒரு சின்ன முக்கோண இடைவெளி விழும். அதற்குத் தனியாக உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். கசிவு தொடங்குவது பெரும்பாலும் அந்த முக்கோணத்தில்தான்.

நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு, இந்த முறை பிரஷ் செங்குத்தாக. காய்ந்ததும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள், ஊசித் துளைகள் நிழலாகத் தெரியும், அவற்றில் மட்டும் இன்னொரு தடவை. மூன்று நாள் விடுங்கள். பிறகு டைல்ஸ் போடுவதற்கு முன்பே கை ஷவரால் அரை மணி நேரம் ஜன்னல் அடிப்பாகத்தில் தண்ணீர் விட்டு, மறுநாள் வெளிப்பக்கத்தையும் பக்கத்து அறையையும் பாருங்கள். தரைக்குத் தண்ணீர் கட்டி வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், அதை ஜன்னலுக்கும் செய்யுங்கள். இப்போது கசிந்தால் ஒரு டப்பா பூச்சோடு முடியும், டைல்ஸ் போட்ட பிறகு என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. டைல்ஸ் ஒட்ட வருகிறவர் பூச்சைத் தொட்டுப் பார்த்து, "வழவழன்னு இருக்கு, பிடிக்காது" என்று சொல்லி உளியால் அங்கங்கே கொத்து விடுவார். நீங்கள் காபி போடப் போன பத்து நிமிடத்தில் நடந்துவிடும். என் தோழி வீட்டில் அப்படித்தான் நடந்தது, மறுபடி இரண்டு பூச்சு அடித்தோம். முந்தின நாளே பேசிவிடுங்கள்: கொத்தக் கூடாது, டைல் அட்ஹெசிவ்தான், சிமெண்ட் பால் இல்லை.

கல்லும் டைல்ஸும்

அட்ஹெசிவ் மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும் வகையும் அச்சாகியிருக்கும், விட்ரிஃபைடு டைல்ஸுக்கும் ஈரமான இடத்துக்கும் வகை 2 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். விட்ரிஃபைடு தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்கிற அளவுக்குக் குறைவாக உறிஞ்சும், அதனால் சிமெண்ட் பால் அதன் முதுகில் ஒட்டாது, சில வருடத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்க ஆரம்பிக்கும். பல் கரண்டியால் சுவர் முழுவதும் ஒரே திசையில் கோடு இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லியதாகத் தடவி அழுத்த வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் பொட்டு வைத்து ஒட்டுகிற பழக்கம் குளியலறையில் ஆகவே ஆகாது, பொட்டுகளுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடம் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். ஒட்டியதும் ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள், முதுகில் 95 சதவீதமாவது பசை பட்டிருக்க வேண்டும்.

வரிசை இப்படி: ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவர் டைல்ஸ் முதலில். அதன் மேல் அடிக்கல். அடிக்கல்லின் மேல் பக்கவாட்டுத் துண்டுகள். பிறகு பக்கச் சுவர், லிண்டல் அடி, மேல் சுவர். அடிக்கல்லுக்கு டைல்ஸ் வேண்டாம், ஒரே துண்டு கறுப்பு கிரானைட் போடுங்கள், இணைப்பே இல்லாத கல்லில் தண்ணீர் இறங்க இடமில்லை. கீழ்ச் சுவர் டைல்ஸைவிட அரை அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கட்டும், அந்த நீட்டலின் அடியில் கிரானைட் கடையிலேயே ஒரு பள்ளக் கோடு போட்டு வாங்கிவிடுங்கள், தண்ணீர் கல்லுக்கு அடியில் ஓடிச் சுவரைத் தொடாமல் அங்கேயே சொட்டிவிடும். முன் விளிம்பைக் கை படாமல் இருக்க லேசாக உருட்டி பாலிஷ். பக்கவாட்டுத் துண்டுகள் அடிக்கல்லின் மேல் உட்கார வேண்டுமே தவிர, அடிக்கல் இரண்டு பக்கவாட்டுக்கு நடுவில் செருகப்பட்டதாக இருக்கக் கூடாது, அப்படி இருந்தால் பக்கவாட்டில் வழிகிற தண்ணீர் நேராக இணைப்புக்குள் போகும். லிண்டல் அடி டைல்ஸின் முன்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும், தண்ணீர் ஃப்ரேம் பக்கம் ஊராது. கீழே கட்டை முட்டுக் கொடுத்து ஒரு நாள் விடுங்கள்.

ஜன்னல் மூலையில் எல் வடிவத்தில் வெட்ட வேண்டிய டைல்ஸ் வரும். மூலைப் புள்ளியில் முதலில் 6 மி.மீ. துளை போட்டு, இரண்டு பக்கமிருந்தும் அந்தத் துளை வரைக்கும் மட்டும் வெட்டினால் பிறகு மூலையிலிருந்து விரிசல் ஓடாது. ஓரங்களில் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த கீற்றுத் துண்டுகள் வராமல், ஒட்டுவதற்கு முன்பே ஜன்னலின் நடுக்கோட்டிலிருந்து அளந்து தரையில் அடுக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு நாள் கழித்து கிரவுட். ஷவர் சுவருக்கு எபாக்ஸி கிரவுட்தான் என் தேர்வு. போர் தண்ணீரின் உப்பு சிமெண்ட் கிரவுட்டை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஆக்கிவிடும், எபாக்ஸி அப்படி உறிஞ்சாது. ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, டைல்ஸ் முகத்தில் படிந்ததை உடனுக்குடன் துடைக்க வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் சுரண்டவே முடியாது. அடிக்கல்லும் பக்கவாட்டும் சேருகிற மூலை, பக்கவாட்டும் லிண்டல் அடியும் சேருகிற மூலை, ஃப்ரேமைச் சுற்றியுள்ள இடைவெளி, இந்த இடங்களில் எந்தக் கிரவுட்டும் வேண்டாம், காலியாக விடுங்கள்.

ஃப்ரேம், அப்புறம் சிலிக்கான்

ஃப்ரேமுக்கு அளவு எடுக்க டைல்ஸ் முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் 5, 6 மி.மீ. இடைவெளி வேண்டும். மாட்ட வருகிற பையன்கள் வேகமாக டிரில்லை எடுத்து அடிப்பக்கம் இரண்டு ஸ்க்ரூ போட்டுவிடுவார்கள், இத்தனை நாள் கட்டிய வரப்பும் பூச்சும் அந்த இரண்டு ஓட்டையில் போய்விடும். அடியில் ஸ்க்ரூ கூடாது. பக்கங்களிலும் மேலேயும் மட்டும் போடட்டும். அந்தத் துளைகளிலும் முதலில் சிலிக்கானை நிரப்பி, பிறகு பிளக்கும் ஸ்க்ரூவும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ கேளுங்கள். வரப்பின் மேல் இரண்டு கோடு சிலிக்கான் விட்டு அதன் மேல் ஃப்ரேமை உட்கார வைக்க வேண்டும்.

இடைவெளியில் நுரைக் கயிறு, கடையில் பேக்கர் ராட் என்று கேட்டால் கொடுப்பார்கள், 6 மி.மீ. இடைவெளிக்கு 8 மி.மீ. கயிறு. பாரிமுனை, மண்ணடிப் பக்க ஹார்டுவேர் கடைகளில் தேடலாம். அதை 5, 6 மி.மீ. ஆழத்துக்குத் தள்ளிவிட்டு மேலே சிலிக்கான். நியூட்ரல் என்றும், பூஞ்சை பிடிக்காத சானிட்டரி வகை என்றும் போட்டிருப்பதாக வாங்குங்கள். பிதுக்கும்போது புளிக்காடி (வினிகர்) வாசனை அடித்தால் அது அசிட்டிக் வகை, சிமெண்ட்டுக்கும் உலோகத்துக்கும் ஒத்துக்கொள்ளாது. இடம் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், ஸ்பிரிட்டால் துடையுங்கள், இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இடைவெளி விடாமல் ஒரே இழுப்பில் விட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே தடவை நீவி, உடனே டேப்பை உரித்துவிடுங்கள். காலியாக விட்ட மூலைகளுக்கும் இதே சிலிக்கான். வெளிப்பக்கத்துக்கு வெயில் தாங்கும் வகை.

யு.பி.வி.சி. ஃப்ரேமின் வெளிப்பக்கக் கீழ் ஓரத்தில் சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கும். ஃப்ரேமுக்குள் புகுந்த மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அது. ஆர்வத்தில் அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள், அடைத்தால் தண்ணீர் உள்பக்கம் ததும்பும். சிலிக்கான் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் உள்ளே இறுகும், அதனால் மூன்று நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பிறகு பழைய மாதிரி கை ஷவர் சோதனை, இந்த முறை இருபது நிமிடம், எல்லா ஓரத்திலும்.

அதற்கப்புறம் பெரிய வேலை எதுவும் இல்லை. குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் கண்ணாடியையும் அடிக்கல்லையும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் உப்புக் கறை படியாது. ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், சிமெண்ட் கிரவுட்டையும் உலோகத்தையும் அது அரித்துவிடும். வருடம் ஒருமுறை ஆவணி, புரட்டாசியில் சிலிக்கானை நகத்தால் நெருடிப் பாருங்கள், ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் அந்தத் துண்டை மட்டும் அறுத்தெடுத்துப் புதிதாக விடலாம், அரை மணி வேலை.

பக்கத்து அறையின் ஓதச் சுவருக்கு அவசரப்பட்டு பெயிண்ட் அடித்துவிட வேண்டாம். உப்பிய பெயிண்டையும் காறையையும் சுரண்டி, பூத்திருக்கிற உப்பைத் தண்ணீர் விடாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பீரோவை நகர்த்தி வைத்து, ஃபேன் காற்றுப் பட விடுங்கள். எங்கள் சுவர் காய ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உரிக்கும்போது உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும், காய்ந்திருந்தால் தாராளமாகப் பூசிப் பட்டி பார்க்கலாம்.